மன்றத்துக் கதவைத் திறக்காதது குறித்து

என் பெயர், வயது, முகவரி மூன்றும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பதை எழுத்தர் வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது, ‘கணீர்’ வீடு எது என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். என் குரல் அப்படி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் வேலை செய்கிறேன். என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. கணவர் இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ராணுவ முகாமில் காவலில் இருக்கிறார்.

சம்பவம் நடந்த சனிக்கிழமை மாலையே இதே போலீஸ் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் முக்கியமான ஒன்றை மறைத்துவிட்டேன். இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்து, இன்ஸ்பெக்டர் முன்னிலையில், எழுத்தர் எழுத எழுத, அதைச் சொல்கிறேன். காரணம் இதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வராமல், படைக்குப் போகாமல் ஒளிந்தவர் என்று என் கணவர் மேல் குற்றம் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒளிந்தவர்களைச் சுவரோடு நிறுத்திச் சுட்டுவிடுவார்கள் என்று சலவைப் பிரிவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று ஒரு டாக்டரின் கோட்டைக் கருக்கிவிட்டேன். என் கணவர் ஒளியவில்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது என்னை மாட்டிவிடும் வழி என்றாலும் பரவாயில்லை என்றுதான் வந்தேன்.

நாடகம் போட்டது யார் யோசனை என்று கேட்டதற்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் சரித்திர டீச்சருடைய யோசனை. பள்ளிக்கூடத்தை ராணுவம் எடுத்துக்கொண்ட பிறகு அவருக்குப் பாடம் நடத்த ஆள் இல்லை. சும்மா இருந்து பழக்கமில்லாதவர். தெருப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து ஆலைத் தொழிலாளர் மன்றத்துக்குக் கூட்டிவந்து, வெகு காலத்துக்கு முந்தைய கிரேக்க நாட்டு நகைச்சுவை நாடகம் ஒன்றைப் போடப் போகிறோம் என்றார். கதையைச் சொன்னதும் பாதிப் பேருக்கு வெட்கம், பாதிப் பேருக்குச் சிரிப்பு. இரண்டு ஊர்களுக்குள் வருஷக்கணக்காகச் சண்டை நடக்கிறது. சண்டையை நிறுத்தும் வரை கணவன்மாரைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்று இரண்டு ஊர்ப் பெண்களும் சத்தியம் செய்கிறார்கள். அதன் பிறகு போருக்கான பணம் வைத்திருக்கிற கோட்டைக்குள் புகுந்து உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறார்கள். கிழவர்கள் மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கதவை இடிக்கிறார்கள், பெண்கள் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். பணம் கேட்டு ஒரு அரசாங்க அதிகாரி வருகிறார். அவரோடு தலைவி வாதாடி, கடைசியில் அவர் தலையிலேயே முக்காட்டைப் போட்டு, கையில் நூல்கூடையைக் கொடுத்து உட்கார வைக்கிறாள்.

இந்த நாடகத்துக்கு முறைப்படி அனுமதி இருந்தது. அனுமதி வாங்க டீச்சரோடு இந்த நிலையத்துக்கு வந்ததே நான்தான். அப்போது மேஜையில் இருந்தவர் “யார் எழுதின நாடகம்” என்று கேட்டார். “அவர் செத்துப் போயிட்டார்” என்றார் டீச்சர். “எப்போ” என்றார். “ரொம்ப நாளாச்சு” என்றார் டீச்சர். “அப்ப சரி” என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் மேல் நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்களாம். எங்களுக்கு ஆண்கள் கிடைக்கவில்லை. இருந்தவர்களில் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கியது, இளையவர்கள் படைக்கு எப்போது அழைப்பு வருமோ என்று அறிவிப்பு ஒட்டுகிற சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கிழவர் வேஷங்களையும் பெண்களே கட்டினோம். கிழவர் கூட்டத்துக்குத் தலைமை பேக்கரி அக்கா. ரொட்டிக்கு மாவு பிசைந்து பிசைந்து அவருக்குத் தோள் அகலம். தாடிகளை, தரை துடைக்கும் மாப்பின் நூலைப் பிரித்து நானே கட்டிக் கொடுத்தேன். மருத்துவமனையில் தூக்கிப் போட்ட மாப்புகள்தான், களவு இல்லை. தலைவி வேஷம் என் நாத்தனாருக்கு, அதாவது கணவரின் தங்கைக்கு. தையல்காரி. அவள் கணவர் படைக்கு ஆள் ஏற்றிய முதல் வண்டியிலேயே போனவர், போன பிறகு ஒரு வரி கூட வரவில்லை. ஒத்திகையில் சத்தியம் செய்யும் காட்சி வந்தபோதெல்லாம் அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். எனக்குக் கதவைத் தாழிடுகிற வேலையும், மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற கிழவி வேஷமும் கொடுத்தார்கள்.

மன்றத்தின் அமைப்பைக் கேட்டதால் சொல்கிறேன். நீளமான கூடம், ஒரு கோடியில் மேடை, எதிர்க் கோடியில் தெருவைப் பார்த்த இரட்டைக் கதவு. கதவுக்கு மேலே பழைய சாமான் போட்டு வைக்கும் சின்ன மாடி அறை, அதற்குக் கூடத்துக்குள்ளிருந்தே படி. பக்கவாட்டு ஜன்னல்களுக்கெல்லாம் விமானத் தாக்குதலுக்குப் பயந்து கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மாடி அறை ஜன்னல் ஒன்றுதான் திறக்கும். ஜனங்கள் உட்காரும் கூடமே கோட்டை, மன்றத்தின் வாசல் கதவே கோட்டைக் கதவு என்பது டீச்சர் ஏற்பாடு. கிழவர்கள் தெருவில் நின்று இடிப்பார்கள், உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கும், தண்ணீர் ஊற்றிய பிறகு கதவைத் திறந்தால் நனைந்த தாடிகள் சொட்டச் சொட்ட உள்ளே வரும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற சண்டைக்குத்தான் சிரிப்பு அதிகம் என்று டீச்சர் சொன்னார்.

முதல் ஒத்திகையில் பேக்கரி அக்கா மரத்தால் இடித்த இடியில் பழைய தாழ்ப்பாள் தெறித்து, உள்ளே நின்ற நாத்தனார் மல்லாந்து விழுந்தாள். அதன் பிறகு என் கணவர் வந்து கதவின் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி வைத்து, குறுக்கே போட ஒரு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார். “நாடகத்துக் கதவுக்கு எதுக்கு இவ்வளவு கனம்” என்று கேட்டார். “தட்டறவங்க நிஜமாத்தானே தட்டறாங்க” என்றார் டீச்சர். அந்தச் சட்டம் பின்னால் நடந்ததற்காகச் செய்யப்பட்டது என்று முகாம் அதிகாரி எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது தவறு. என் நாத்தனாரின் முதுகுக்காகச் செய்யப்பட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. டீச்சர் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. என்ன ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. தாடி கழன்றால் கழன்ற தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசு. யாராவது முந்தி வந்துவிட்டால் வந்தவரை வைத்தே சமாளி. சபை சிரித்தால் அடங்கும் வரை அப்படியே நில். ஒரு நாள் ஒத்திகையில் விமானச் சங்கு ஊதி விளக்கெல்லாம் அணைந்தது, மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே மீதி வசனத்தைச் சொல்லி முடித்தோம். அப்படிப் பழக்கியிருந்தார்.

வீட்டில் இந்த நாடகத்தால் சண்டை உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சண்டை இல்லை, கேலி உண்டு. “அந்தச் சத்தியம் நாடகத்தோட சரிதானே” என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். “ஒத்திகை முடியற வரைக்கும் வீட்டிலயும் ஒத்திகைதான்” என்றேன். இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், எழுத்தர் அதற்குள் எழுதிவிட்டார்.

அழைப்பு வந்தது நாடகத்துக்கு முந்தின வாரம். எங்கள் தெருவில் ஒட்டிய அறிவிப்பில் என் கணவர் பெயரும் இருந்தது. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனார். கூட்டித் துடைத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார். அவருடைய பையை நான்தான் கட்டினேன். இரண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டேன், பிறகு பிரித்து மறுபடியும் போட்டேன், மூன்றாம் தரமும் போட்டேன். அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஓடிப்போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பேச்சு எங்கள் வீட்டில் நடக்கவே இல்லை.

நாடகம் சனிக்கிழமை மதியத்துக்கு மேல். எங்கள் தெருவில் பெயர் வந்த ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், இரண்டு நாளில் போகப் போகிறவர்கள் வேறு எங்கே போவார்கள். என் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சத்தியக் காட்சியில் கூடமே அதிர்ந்தது. அதன் பிறகு நான் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக் கொக்கியில் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். இரண்டு பெண்கள் படியில் நின்று தண்ணீர்க் குடங்களை மேலே தள்ளுவதாக ஏற்பாடு. ஜன்னல் பக்கம் நான் ஒருத்திதான்.

மேடையில் நாத்தனார் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவில் இடி விழுந்தது. அவள் பேசி முடித்த பிறகுதான் இடிக்க வேண்டும். பேக்கரி அக்கா வழக்கம்போல முந்திக்கொண்டார் என்று நினைத்து, அவரைக் கையால் அடக்கலாம் என்று ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். முதல் வாக்குமூலத்தில், பார்த்தேன், ஆனால் வெயில் கண்ணில் அடித்ததால் வந்தவர்கள் யார் என்று தெரியவில்லை, எங்கள் ஆட்கள் என்றே நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். ஜன்னலுக்கு எதிரில் வெயில் இல்லை. எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

தார்ப்பாய் போட்ட ராணுவ வண்டி வாசலை அடைத்து நின்றது. நாலைந்து சிப்பாய்கள் கீழே நின்றார்கள். ஒருவன் துப்பாக்கியின் பின்கட்டையால் கதவை இடித்தான். பேக்கரி அக்காவும் மற்றக் கிழவர்களும் தாடியோடு சுவர் ஓரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், அவர்களுடைய மரம் சாக்கடை ஓரம் கிடந்தது. அதிகாரி அக்காவிடம் ஏதோ கேட்டார். “உள்ளே ஆட்டம் நடக்குது சார். எங்க முறை வந்தாத்தான் திறப்பாங்க” என்றார் அக்கா. “என்ன முறை” என்றார் அதிகாரி. “நாங்க முதல்ல நனையணும் சார்” என்றார் அக்கா. பயத்தில் சொன்னாரா, வாய்க்கொழுப்பில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

வண்டிக்குள் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் என்னைப் பார்த்துக் கை அசைத்தார். நானும் அசைத்தேன். ஏன் அசைத்தேன் என்று தெரியவில்லை, பழக்கம்.

அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். திங்கட்கிழமை என்று எழுதி ஒட்டிவிட்டுச் சனிக்கிழமையே வந்துவிட்டார்களே என்பதுதான் ஓடியது. அந்த இரண்டு நாளும் என்னுடையவை. அவர் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், நான் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பேன், அவர் காதில் வாங்கமாட்டார். அதைக் கூட விடமாட்டார்களா என்று ஆத்திரம் வந்தது. பயமும் வந்தது, ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டது. அதிகாரி கதவுக்கு நேராக வந்து நின்று “கதவைத் திற, அரசாங்க உத்தரவு” என்றார். உள்ளே கூடம் சிரித்தது, ஏனென்றால் நாடகத்தில் வரும் அதிகாரியும் அதையேதான் சொல்ல வேண்டும். நான் குடத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தேன்.

அதன் பிறகு அடுத்த குடத்தையும் கவிழ்த்தேன். “குளிச்சு ரொம்ப நாளாச்சு போல, அதான் தலைக்கு ஊத்தினோம்” என்று கூடத்துக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி என் குரலில் சொன்னேன். அது டீச்சர் எழுதிக் கொடுத்த வசனம் அல்ல. படியில் நின்ற இரண்டு பெண்களும் சிரிப்பு தாங்காமல் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை, குடத்தைத் தூக்கிக் கொடுத்தது தவிர எதுவும் செய்யவில்லை. சிப்பாய்கள் கதவை மேலும் இடித்தார்கள். சட்டம் அசையவில்லை. என் கணவர் வைத்த வெல்டிங் அப்படி லேசில் விட்டுக்கொடுக்காது.

அதன் பிறகு ஒலிபெருக்கியை வாயில் வைத்து அதிகாரி பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். நான் ஜன்னலை விட்டு, கூடத்தைப் பார்த்த படியின் மேல்தட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவிமார் கேலிக்காகச் சேர்த்த பெயர்கள் என்று நினைத்துவிட்டார்கள். பெயர் வந்தவன் முதுகில் பக்கத்தில் இருப்பவன் தட்டினான். ஒருவர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

என் கணவர் பெயர் வந்தது. அவர் எழுந்து நின்றார். திரும்பிக் கதவைப் பார்த்தார், அதன் பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தலையை இடமும் வலமுமாக அசைத்தேன். “உட்காருங்க, உங்க வேஷம் இன்னும் வரல” என்றேன். கூடம் கைதட்டியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் நாத்தனார் தன் வசனத்தை ஒரு எழுத்து விடாமல் தொடர்ந்தாள். அதற்குள் சிப்பாய்கள் பக்கவாட்டு ஜன்னலை உடைத்துக் கறுப்புக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். அவர்கள் பின்னால் அதிகாரி, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட, மேடையில் ஏறினார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவ்வளவு நல்ல வேஷம் அது வரை வரவில்லை. நாத்தனார் மேடையில் கண்ணாடி போடுவதில்லை, எதிரில் வருகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. யாராவது முந்தி வந்துவிட்டால் சமாளி என்பதுதான் சட்டம். நாடகத்து அதிகாரி வந்துவிட்டார் என்று முக்காட்டை எடுத்து அவர் தலையில் போட்டாள். கையில் நூல்கூடையையும் திணித்தாள். அதிகாரி கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கைத்துப்பாக்கியை எடுத்து மேலே பார்த்துச் சுட்டார். அப்போதும் பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். மேலேயிருந்து சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

அதன் பிறகு பெயர் வந்த ஆண்களை வரிசையாக நிறுத்தி வெளியே கொண்டுபோனார்கள். சட்டத்தை நானே தூக்கிக் கதவைத் திறந்துவிட்டேன். என் கணவர் என்னைத் தாண்டிப் போகும்போது “பையில சோப்பு வச்சியா” என்று மட்டும் கேட்டார். பை வீட்டில் இருந்தது. பையை எடுத்துவர விடுங்கள் என்று நான் கேட்டேன், விடவில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். வந்தது உண்மையான படை என்று உள்ளே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். டீச்சருக்குத் தெரியாது. நாத்தனாருக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியாது. அவரை உட்காரச் சொன்னது நான், நாடகம் என்று நம்பி உட்கார்ந்தது அவர். ஏமாற்றப்பட்டவரை ஒளிந்தவர் என்று சொல்ல முடியாது. கதவைத் திறக்காத குற்றத்துக்கும் தண்ணீர் ஊற்றிய குற்றத்துக்கும் என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுத்து, அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடம் வரை சொல்லி முடித்தபோது, இன்ஸ்பெக்டர் முகாமிலிருந்து வந்த ஒரு தாளை எடுத்து, என் கணவர் அங்கே கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தார். முதல் இடியிலேயே அது மர இடி இல்லை, துப்பாக்கிக் கட்டை என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகவும், வேண்டுமென்றே உட்கார்ந்திருந்ததாகவும், தன் மனைவிக்கு ஒன்றுமே தெரியாது, அவள் நடித்துக்கொண்டிருந்தாள், வாய் பெரிதே தவிர விவரம் போதாதவள் என்றும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “பொய் சொல்றார் சார், என்னைக் காப்பாத்தப் பார்க்கிறார்” என்றேன். “அவரைச் சுட்டுடுவாங்க சார், நீங்க நான் சொன்னதை முதல்ல அனுப்புங்க” என்றேன்.

அதற்கு இன்ஸ்பெக்டர் சொன்னதையும் அப்படியே எழுதச் சொன்னேன். “யாரும்மா சொன்னது சுடுவாங்கன்னு? ஒளிஞ்சவங்களுக்கு ஜெயில்தான். சண்டை முடியற வரைக்கும் உள்ள இருந்து கல்லு உடைக்கணும். நீ சொல்றபடி ஏமாந்தவர்னா அதுவும் இல்ல. இந்தத் தாள் போனதும் விட்டுடுவாங்க” என்றார். “விட்டா வீட்டுக்கு வருவாரா சார்” என்று கேட்டேன். “வீட்டுக்கு எப்படிம்மா வருவார்? வியாழக்கிழமை சண்டைக்குப் போற வண்டியில ஏத்துவாங்க” என்றார்.

இது வரை எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். கிழிக்கக் கூடாது, வேண்டுமானால் அடியில் திருத்தம் சொல்லலாம் என்றார் எழுத்தர். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அனுமதி வாங்கி வராந்தாவுக்குப் போனேன். அங்கே எனக்குத் துணையாக வந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் என்ன பேசினேன் என்பதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதன் பிறகு உள்ளே வந்து பின்வரும் திருத்தத்தைச் சொல்கிறேன்.

என் கணவருக்குத் தெரியாது என்று மேலே சொன்னது தவறு. அவருக்குத் தெரியும். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது நான் தலையை அசைத்தது சபைக்காக இல்லை, அவருக்காக. இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெரிந்துதான் உட்கார்ந்தார். துப்பாக்கிக் கட்டை என்று அவர் சொன்னதும் உண்மை, இரும்பு வேலை செய்கிறவருக்குக் கதவுச் சத்தம் பிடிபடாமல் போகுமா. எனக்கு விவரம் போதாது என்று அவர் சொன்னது மட்டும்தான் பொய், அதை நான் அவரிடம் நேரில் கேட்டுக்கொள்கிறேன். எனவே அவரை விடுவிக்க வேண்டும் என்று மேலே நான் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரை வியாழக்கிழமை வண்டியில் ஏற்றாமல், சட்டப்படி சிறையில் வைக்க வேண்டும். என்னையும் வைக்கலாம்.

இதை எழுத்தர் வாசித்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் தன் பேனாவை மூடினார். “எதும்மா உண்மை” என்று கேட்டார். திருத்தம்தான் உண்மை என்றேன். என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதியதை எழுத்தர் வாசிக்க இரண்டு தரம் கேட்டேன், என் வார்த்தைகள்தான். சனிக்கிழமை பிடித்துக்கொண்டுபோன மற்ற ஆண்களுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, அதை நான் சொல்வது முறையில்லை. அவரவர் வீட்டுப் பெண்கள் வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். தங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியும் என்று எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பெஞ்சில் இடம் போதாமல் சிலர் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டு இங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
கணீர்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு எழுதப்பட்டது.
(ஒப்பம்)
இன்ஸ்பெக்டர்